‘டமிழ்’ என்று வந்தால் மதர்போர்டைத் திட்டாதீர்கள்

டீச்சர், முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். புது லேப்டாப் வாங்கப் போகாதீர்கள். இந்த வாரமாவது போகாதீர்கள்.

நீங்கள் எழுதியதைச் சுருக்கி ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன், எனக்கும் தெளிவாக இருக்கும், இதே தொல்லையோடு படிக்க வருகிறவர்களுக்கும் புரியும். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் வேலை. ஐந்து வருடத்து லேப்டாப். போன ஞாயிற்றுக்கிழமை மகன் மைலோ பானத்தைக் கீபோர்டு மேல் கொட்டிவிட்டான். துண்டால் துடைத்துவிட்டு அன்று இரவே கேள்வித்தாள் அடித்து முடித்தீர்கள், ஒன்றும் ஆகவில்லை. புதன்கிழமை காலையில் திறந்தால் ஜி, எச், எஸ்கேப், ஒற்றை மேற்கோள் குறி, இந்த நான்கு விசைகளும் வேலை செய்யவில்லை. மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது. ஆங்கில எழுத்துகளின் ஒலியை வைத்துத் தமிழ் அடிக்கும் அஞ்சல் முறையில் தட்டச்சு செய்வதால் ‘தமிழ்’ என்று அடித்தால் ‘டமிழ்’ என்று வருகிறது. பட்டணத்தில் ஒரு கடையில் காட்டினீர்கள், திறந்துகூடப் பார்க்காமல் ‘மதர்போர்டு போச்சு, 650 வெள்ளி (ரிங்கிட்) ஆகும், அதற்குப் புதுசே வாங்கிவிடலாம்’ என்றார்கள்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரில், கடைவரிசையில் ஒரு சின்ன இடம் பிடித்து இருபது வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். அந்த ‘டமிழ்’ எனக்குப் பாதி விடையைச் சொல்லிவிட்டது. அஞ்சல் முறையில் ‘த’ வேண்டுமென்றால் இரண்டு விசை தட்ட வேண்டும், இரண்டாவது எச். அது செத்தால் முதல் விசை மட்டும் நின்று ‘ட’ ஆகிவிடும். நீங்கள், ஒரு விசைக்கு ஒரு தமிழெழுத்து வரும் தமிழ்99 முறை பழகியவராக இருந்திருந்தால் இதே நான்கு விசைகள் போனதற்கு க, ய, எ மூன்றும் காணாமல் போயிருக்கும், ‘டமிழ்’ வந்திருக்காது. முறைக்கு முறை வேறு எழுத்து சாகிறது, ஆனால் சாகும் விசைகள் அதே நான்குதான். அதனால் மென்பொருளைத் தேடி அலைய வேண்டியதில்லை. விசைப்பலகைக்குள்தான் பார்க்க வேண்டும்.

எந்த நான்கு என்பதுதான் விஷயம். ஜியும் எச்சும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, சரி. எஸ்கேப் எங்கேயோ இடது மூலையில், மேற்கோள் குறி வலது பக்கம். மைலோ நான்கு இடத்திலும் தனித்தனியாக விழுந்து நான்கையும் ஒரே காலையில் கொல்லாது. இவை நான்கும் உள்ளே ஒரே கோட்டில் தொங்குகிற விசைகள். லேப்டாப் விசைப்பலகையில் ஒவ்வொரு விசைக்கும் தனிக் கம்பி கிடையாது. குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் போட்டு, இரண்டு கோடு சந்திக்கும் இடத்தில் ஒரு விசையை வைத்திருப்பார்கள். 8 குறுக்குக் கோடு, 16 நெடுக்குக் கோடு என்றால் 24 கோட்டிலேயே 128 சந்திப்பு கிடைத்துவிடும். கணினிக்குள் இருக்கும் ஒரு சின்ன சில்லு அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாக விடாமல் தொட்டுப் பார்த்து, எந்தச் சந்திப்பு மூடியிருக்கிறது என்று கண்டுபிடிக்கிறது. ஆக ஒரே ஒரு கோடு அறுந்தாலும் அதில் இருக்கிற விசைகள் எல்லாம் சேர்ந்து போகும், பலகையில் அவை எந்த மூலையில் உட்கார்ந்திருந்தாலும்.

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. ஒரு லயத்தில் பத்து வீட்டுக்கும் ஒரே நாளில் தண்ணீர் நின்றுபோனால் பத்து வீட்டுக் குழாயும் கெட்டுவிட்டது என்று எவரும் சொல்லமாட்டார்கள். ‘எங்கேயோ பெரிய பைப் உடைஞ்சிருக்கு’ என்றுதான் மண்வெட்டியை எடுப்பார்கள்.

என்னிடம் யார் கீபோர்டைக் கொண்டுவந்தாலும் முதலில் ஒரு தாளும் பேனாவும் கொடுத்து, எது எது வேலை செய்யவில்லை என்று எழுதச் சொல்வேன். ‘சில எழுத்து வரலை’ என்பது எனக்கு உதவாது. ஒரே ஒரு விசை மட்டும் போயிருந்தால் அந்த விசைக்குக் கீழே தூசியோ, உடைந்த பிடியோ இருக்கும். சிதறிக் கிடக்கும் நான்கைந்து விசைகள் சேர்ந்து போயிருந்தால் கோடு அறுந்திருக்கும், அல்லது கீபோர்டை மதர்போர்டோடு இணைக்கும் நாடா சரியாக உட்கார்ந்திருக்காது. முழுப் பலகையும் போயிருந்தால் நாடா கழன்றிருக்கலாம், சில்லு மாட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது அமைப்பில் எதையோ தெரியாமல் மாற்றியிருக்கலாம். எல்லா விசையும் வேலை செய்கிறது, ஆனால் ஒரு விசையைத் தட்டினால் வேறு எழுத்து வருகிறது என்றால் பெரும்பாலும் கீபோர்டு நல்லபடியாகத்தான் இருக்கும்.

இனி உங்கள் கணினியை எப்படிச் சோதிப்பது என்று சொல்கிறேன். கையில் திருப்புளி எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவை.

வின்டோஸ், கன்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். திரையில் ஒரு கீபோர்டு வரும். இப்போது உண்மையான பலகையில் ஒவ்வொரு விசையாகத் தட்டினால் திரையில் அதே விசை நிறம் மாறிக் காட்டும். நிறம் மாறாத விசைதான் செத்த விசை. இணையத்தில் சோதனைப் பக்கம் தேட வேண்டிய அவசியமே இல்லை. அடுத்து, யாரிடமாவது யுஎஸ்பி கீபோர்டு ஒன்றை இரவல் வாங்கிச் செருகுங்கள். அதில் எச் அடித்தால் ஒழுங்காக வருகிறதா? வரும். அப்படியானால் வின்டோஸும் அஞ்சலும் குற்றமற்றவை.

மூன்றாவது சோதனை உங்களுக்காகவே அமைந்த மாதிரி இருக்கிறது, ஏனென்றால் செத்ததில் எஸ்கேப்பும் ஒன்று. கணினியை அணைத்துத் திரும்ப இயக்கும்போதே எஃப்2 விசையை (சில மாடலில் டெலீட், சிலதில் எஃப்10 அல்லது எஃப்1) தட்டித் தட்டி, கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயோஸுக்குள் போங்கள். அங்கே வின்டோஸ் இன்னும் பிறக்கவே இல்லை. அங்கிருந்து வெளியேற எஸ்கேப் அழுத்த வேண்டும். அழுத்திப் பாருங்கள். அங்கேயும் அசையவில்லை என்றால் இனி யாரும் உங்களிடம் ‘ஃபார்மேட் பண்ணணும்’ என்று காசு கேட்க முடியாது. உள்ளே எதையும் மாற்றாமல் அணைத்துவிடுங்கள், அதுபோதும்.

டிரைவரை அழித்துத் திரும்பப் போடு என்று எல்லாரும் சொல்வார்கள். முழுப் பலகையும் செத்திருந்தால் செய்து பார்க்கலாம்: டிவைஸ் மேனேஜருக்குள் போய், கீபோர்ட்ஸ் என்பதை விரித்து, இருப்பதை அன்இன்ஸ்டால் செய்து, கணினியை மறுபடி இயக்கினால் வின்டோஸ் தானே திரும்பப் போட்டுக்கொள்ளும். ஆனால் நான்கு விசை மட்டும் போனதற்கு டிரைவர் காரணமாக இருக்காது. டிரைவர் எழுத்து பார்த்து ஓரவஞ்சனை செய்யாது.

மதர்போர்டு விஷயம். கணினி ஓடுகிறது, மின்னேற்றம் ஆகிறது, டச்பேட் நகர்கிறது, எண்பது விசை வேலை செய்கிறது. இப்படி இருக்கும்போது மதர்போர்டு போய்விட்டது என்று மூடியைக்கூடத் திறக்காமல் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். முடியவே முடியாது என்றும் சொல்லவில்லை. கீபோர்டு நாடா போய்ச் செருகும் பல்வரிசையில் ஒரு பல் துருப்பிடித்திருந்தாலும் இதே நான்கு விசை போகும், அந்தப் பல்வரிசை மதர்போர்டில்தான் இருக்கிறது. ஆனால் அதைப் பஞ்சால் துடைத்தே பல நேரம் சரிசெய்துவிடலாம். அதற்கு 650 வெள்ளி இல்லை.

சரி, ஞாயிற்றுக்கிழமை கொட்டியது ஏன் புதன்கிழமை வரை காத்திருந்தது? விசையின் மேல்மூடியை எடுத்தால் கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே பின்னிய இரண்டு பிளாஸ்டிக் கால்கள் இருக்கும். அதன் நடுவில் ஒரு சின்ன ரப்பர் குமிழ். (ரப்பர் என்றதும் எங்கப்பா வெட்டிய பால்மரம்தான் எனக்கு ஞாபகம் வரும், ஆனால் இது பெரும்பாலும் சிலிக்கோன்.) குமிழுக்குக் கீழே கண்ணாடித்தாள் போல மூன்று பிளாஸ்டிக் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். மேல் தாளின் அடியிலும் கீழ்த் தாளின் மேலும் வெள்ளி கலந்த மையால் கோடுகள் அச்சடித்திருப்பார்கள். நடுத் தாளில் விசைக்கு ஒரு ஓட்டை. நீங்கள் அழுத்தும்போது மேல் தாள் அந்த ஓட்டை வழியாகக் கீழே போய்த் தொடும், அவ்வளவுதான் ஒரு எழுத்து.

துண்டால் துடைத்தது மேலே இருந்த மைலோவைத்தான். கசிந்து இந்தத் தாள்களுக்கு நடுவே போனது அங்கேயே நின்றுவிட்டது. பச்சைத் தண்ணீர் என்றால் காய்ந்து ஓரளவு மன்னித்துவிடும். மைலோவில் சர்க்கரையும் பாலும் இருக்கிறது. நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் சாதாரணமாகவே 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கும், சர்க்கரை அந்த ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரம், மின்சாரம், மெல்லிய வெள்ளிக் கோடு மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் அரிப்பு தொடங்கிவிடும். கோடு கருத்து, பிறகு ஓரிடத்தில் மயிரிழை அளவு விட்டுப்போகும். அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். அன்று இரவே கேள்வித்தாள் அடித்தீர்களே, அதுதான் மின்சாரம் கொடுத்தது. குறை சொல்லவில்லை டீச்சர், காலையில் பரீட்சை என்றால் நானும் அடித்திருப்பேன்.

மற்றவர்களுக்காக: சிந்திய அந்த நிமிடமே மின்னேற்றியைப் பிடுங்குங்கள், பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். கோப்பைச் சேமிக்க வேண்டும் என்று நிற்காதீர்கள். திரையை எவ்வளவு விரியுமோ அவ்வளவு விரித்து, கூடாரம் போலக் கவிழ்த்து, மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாள் வையுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம், சூடு அந்தத் தாள்களை நெளிய வைத்துவிடும். அரிசிக்குள் புதைக்க வேண்டாம். எத்தனை லேப்டாப் சார்ஜர் துளையிலிருந்து அரிசி குருணை எடுத்திருக்கிறேன் தெரியுமா. அரிசி ஈரத்தை இழுப்பதைவிட விசிறிக் காற்று நன்றாக இழுக்கும். தே தாரிக், மைலோ, குளிர்பானம் என்றால் காயவைப்பதோடு நிறுத்தாமல் உடனே திறந்து துடைக்கக் கொடுங்கள், வேலை செய்கிறதே என்று விடாதீர்கள்.

இப்போது உங்கள் கணினிக்கு என்ன வழி. அறுந்த கோட்டைத் தாளைப் பிரித்து, கடத்தும் மையால் ஒட்டவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் சின்ன வயதில் பெருமைக்காகச் செய்திருக்கிறேன். மூன்று மணி நேரம் குனிந்து செய்தது மூன்று மாதம் வந்தது. கீபோர்டை மாற்றிவிடுவதுதான் ஒழுங்கான வேலை.

ஆனால் மாற்றுவதற்கு முன், திறந்து நாடாவை ஒருமுறை கழற்றித் துடைத்துச் செருகிப் பார்க்க வேண்டும். நூற்றுக்குப் பத்தாவது அதிலேயே சரியாகிவிடும். உங்கள் வீட்டுக்காரரோ தம்பியோ கைவேலை தெரிந்தவர் என்றால் வீட்டிலேயே செய்யலாம், இல்லையென்றால் கடைக்காரரை உங்கள் கண்முன்னால் செய்யச் சொல்லுங்கள். பின்மூடித் திருகாணிகளில் சில ரப்பர் பாதத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும். எல்லாம் ஒரே நீளம் இல்லை. ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றிய திருகாணியை அந்தந்த இடத்தில் செலோடேப்பால் ஒட்டி வையுங்கள். நீளமானதைக் குட்டைத் துளையில் திருகினால் மேல்பக்கம் முளைத்துக்கொண்டு நிற்கும். மூடி வந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. வேறு எதையும் தொடுவதற்கு முன்னால்.

கீபோர்டு நாடா அகலமாக, ஆரஞ்சு நிறத்திலோ வெள்ளையாகவோ இருக்கும். அது போய்ச் செருகும் இடத்தில் பழுப்பு அல்லது கறுப்பு நிறத்தில் ஒரு சின்ன நாக்கு இருக்கும். சிலதில் அதை நகத்தால் மேலே தூக்க வேண்டும், சிலதில் இரண்டு ஓரத்தையும் ஒரு மில்லிமீட்டர் முன்னால் தள்ள வேண்டும். எது என்று தெரிந்துகொள்ளாமல் இழுக்காதீர்கள். கடை திறந்த முதல் வருடம், தோட்ட ஆபீஸ் கிராணி (எழுத்தர்) ஒருவருடைய லேப்டாப்பில் தூக்க வேண்டியதை நான் இழுத்துவிட்டேன். நாக்கு இரண்டாக உடைந்து எங்கேயோ தெறித்தது. அன்று மாலை முழுக்கத் தரையில் டார்ச் அடித்துத் தேடினேன். கடைசியில் நாடாவின் முதுகில் இரண்டு மடிப்புச் செலோடேப் ஒட்டித் தடிமனாக்கி இறுக்கிச் செருகி அனுப்பினேன், அவருக்கு உண்மையைச் சொல்லிவிட்டுத்தான். காசும் வாங்கவில்லை.

நாடா வெளியே வந்ததும் முனையைப் பாருங்கள். வரிசையாகக் கோடுகள் பளபளவென்று இருக்க வேண்டும். ஒன்றாவது கருத்தோ பச்சை பூத்தோ இருந்தால் குற்றவாளி அங்கேதான். 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் காது குடையும் பஞ்சுக்குச்சியை நனைத்து, நாடாவின் நீளவாக்கில் மெதுவாகத் துடையுங்கள். மருந்துக்கடையில் காயத்துக்கு விற்கும் 70 விழுக்காட்டில் தண்ணீர் அதிகம், காய நேரம் பிடிக்கும். செருகும் வாயையும் அப்படியே துடைத்து, பத்து நிமிடம் காயவிட்டு, நாடாவைக் கோணாமல் நேராகச் செருகி, நாக்கை மூடுங்கள். பின்னொளி உள்ள பலகை என்றால் ஒல்லியாக இன்னொரு நாடா இருக்கும், அதையும் மறக்காதீர்கள். பல மாடலில் பவர் பட்டனே கீபோர்டில்தான் இருக்கிறது, அதனால் நாடா சரியாக உட்காராவிட்டால் கணினி எழுந்திருக்கவே எழுந்திருக்காது. பயந்துவிட வேண்டாம், திரும்பச் செருகுங்கள்.

அதன்பிறகும் ‘டமிழ்’தான் என்றால் புதுக் கீபோர்டு. பழைய தடித்த மாடல்களில் நான்கு திருகாணி கழற்றினால் மேலேயே வந்துவிடும், கால் மணி நேர வேலை. ஐந்து வருடத்து மெல்லிய மாடல் என்பதால் உங்களுடையது அநேகமாக மேல்சட்டத்தோடு பிளாஸ்டிக் ஆணிகளால் உருக்கி ஒட்டப்பட்டிருக்கும். நாற்பது ஐம்பது ஆணியைச் சீவி, புதியதை வைத்துத் திரும்ப உருக்கி ஒட்ட வேண்டும், அல்லது மேல்சட்டத்தோடு சேர்த்தே வாங்க வேண்டும். வேலை அரை நாள். பொதுவான மாடல் என்றால் எங்கள் பக்கம் கீபோர்டும் கூலியும் சேர்த்து 150 முதல் 250 வெள்ளிக்குள் முடியும். மேல்சட்டத்தோடு என்றால் கூடும். எப்படிப் பார்த்தாலும் 650 இல்லை. பொருள் இங்கே இல்லாவிட்டால் ஈப்போவிலிருந்து வரவழைப்போம், முப்பது கிலோமீட்டர்தானே.

வாங்கும்போது ஏமாறுவது மாடல் பெயரை வைத்து வாங்குகிறவர்கள்தான். ஒரே பெயரில் இரண்டு மூன்று விதப் பலகை வருகிறது. என்டர் விசை படுத்திருக்கிறதா, தலைகீழ் ‘எல்’ மாதிரி நிற்கிறதா என்று பாருங்கள். மலேசியாவில் விற்பது அநேகமாக அமெரிக்க அமைப்பு, அதில் என்டர் படுத்திருக்கும். நாடா எந்தப் பக்கம் வெளியே வருகிறது, எவ்வளவு நீளம், பின்னொளி உண்டா, பவர் பட்டன் சேர்ந்ததா. நிச்சயமானது பழைய பலகையின் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள எண். கழற்றும்போது அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதுவரை கேள்வித்தாள் நிற்காதே. யுஎஸ்பி கீபோர்டு இருபது, முப்பது வெள்ளிக்குக் கிடைக்கிறது, அதைச் செருகி அடிப்பதுதான் எளிது. அதுவும் வேண்டாம் என்றால் ஷார்ப்கீஸ் என்று ஒரு இலவசச் செயலி இருக்கிறது. அதில் கேப்ஸ் லாக் விசையை எச் ஆக்கிவிடுங்கள், எண் 1க்கு இடது பக்கம் உள்ள விசையை ஜி ஆக்கிவிடுங்கள். கணினியை ஒருமுறை அணைத்து இயக்கினால் போதும். அஞ்சல் முறையில் ண, ள, ற எல்லாம் ஷிஃப்ட் பிடித்துத்தான் அடிக்கிறோம், கேப்ஸ் லாக் உங்களுக்கு எப்படியும் வேண்டாத விசை. மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸிலும் இதைச் செய்யலாம், ஆனால் அது வின்டோஸுக்குள் நுழைந்த பிறகுதான் வேலை செய்யும். ஷார்ப்கீஸ் மாற்றம் கடவுச்சொல் கேட்கும் திரையிலேயே ஓடும். கடவுச்சொல்லில் எச் இருந்தால் இது முக்கியம். செத்த விசை தெரியாமல் ‘பாஸ்வேர்டை யாரோ மாத்திட்டாங்க’ என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு. அவசரத்துக்கு அந்தத் திரையின் வலது கீழ் மூலையில் உள்ள அணுகல் படத்தைத் தொட்டாலும் திரைக் கீபோர்டு வரும். சின்னச் சின்னக் குறிப்புகளைக் கைப்பேசியில் செல்லினம் என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலியில் அடித்து அனுப்பிக்கொள்ளலாம். அஞ்சலும் செல்லினமும் நம் நாட்டுக்காரர் முத்து நெடுமாறன் கொடுத்தவை, விரல் பழக்கம் மாறாது.

உங்களுடையது இல்லை, ஆனால் கீபோர்டு கெட்டுவிட்டது என்று என்னிடம் வருவதில் கணிசமானவை கெடாதவை, அவற்றையும் சொல்லிவிடுகிறேன். யு, ஐ, ஓ அடித்தால் 4, 5, 6 வருகிறதா, எண் விசைகளுக்கான ‘நம் லாக்’ (Num Lock) விழுந்திருக்கிறது. எஃப்என் பிடித்து அதை எடுங்கள். ஷிஃப்ட் 2 அடித்தால் மின்னஞ்சல் குறிக்குப் பதில் இரட்டை மேற்கோள் வருகிறதா, மொழி அமைப்பு பிரிட்டனுக்குப் போய்விட்டது. வின்டோஸ் விசையோடு இடவெளி விசையைத் தட்டி அமெரிக்க அமைப்புக்குத் திரும்புங்கள். அழுத்திப் பிடித்தால்தான் எழுத்து வருகிறதா, வலது ஷிஃப்டை யாரோ 8 நொடி பிடித்திருக்கிறார்கள், ஃபில்டர் கீஸ் விழித்துக்கொண்டது. அதேபோல 8 நொடி பிடித்தால் தூங்கிவிடும். திரையை மடித்துத் திருப்பும் வகை லேப்டாப்பில் முழுக் கீபோர்டும் திடீரென்று செத்தால் பக்கத்தில் காந்தம் இருக்கிறதா பாருங்கள். காந்த மூடி போட்ட கைப்பேசி உறையைக் கீபோர்டு ஓரத்தில் வைத்துவிட்டு, ‘வேலை செய்யலை, வேலை செய்யலை’ என்று ஒரு மாணவி அழுதுகொண்டு வந்தாள். உறையை எடுத்தேன், வேலை செய்தது. மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று பார்க்கும் உணரியைக் காந்தம் ஏமாற்றிவிடும். ஒன்றுமே புரியவில்லை என்றால் மின்னேற்றியைப் பிடுங்கி, கணினியை அணைத்து, பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். கீபோர்டைப் பார்க்கும் சில்லு சில நேரம் அப்படியே உறைந்து நிற்கும், அது இதில் விடுபடும்.

ஒரே எழுத்து இரண்டு முறை விழுவது வேறு கதை. பெரும்பாலும் தூசி. ஆப்பிளுக்கே இது நடந்தது. 2015இல் கொண்டுவந்த பட்டாம்பூச்சி வகை விசையில் சின்னத் தூசி போனாலும் எழுத்து இரட்டித்தது, 2018இல் இலவசமாகப் பழுதுபார்த்துத் தருவதாக அறிவித்தார்கள், 2019 இறுதியில் பழைய கத்தரி வகைக்கே திரும்பிவிட்டார்கள்.

இரண்டு விஷயத்தில் மட்டும் நிதானம் வேண்டும். ஒன்று, டச்பேடோ கீபோர்டின் நடுப்பகுதியோ மேலே உப்பிக்கொண்டு வந்து அதனால் விசைகள் இறுகினால் அது கீபோர்டு கோளாறு இல்லை, அடியில் பேட்டரி வீங்கியிருக்கிறது. அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், மின்னேற்றாதீர்கள். அணைத்து, தெரிந்தவரிடம் கொடுங்கள். ஐந்து வருடத்துக் கணினி என்பதால் திறக்கும்போது உங்களுடையதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

மற்றது எறும்பு. சிரிக்காதீர்கள். தோட்டப் பக்கத்திலிருந்து வரும் லேப்டாப்பில் நான் அடிக்கடி பார்ப்பது இதுதான். கணினிக்குள் கதகதப்பு, இருட்டு, உங்களுடையதில் கூடவே சர்க்கரை. போன மழைக்காலத்தில் ஒரு லேப்டாப்பின் அடிமூடியைத் தூக்கினேன், கீபோர்டு தகட்டுக்கும் விசிறிக்கும் நடுவில் சாதப்பருக்கையைவிடச் சின்னதாக வெள்ளை முட்டைகள் குவியலாகக் கிடந்தன. எறும்புகள் ஒவ்வொன்றாய் முட்டையைக் கவ்விக்கொண்டு என் மேசை விளக்கு வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கமாக ஓடின. தூரிகையால் தட்டி, ஆல்கஹாலால் துடைத்து எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. பூச்சிமருந்து மட்டும் அடிக்காதீர்கள், அதிலுள்ள எண்ணெய் போய் எல்லாத் தொடுப்பிலும் படியும். இன்று இரவிலிருந்து லேப்டாப்பை மேசையில் அப்படியே விடாமல், பழைய வழக்கப்படி தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் வையுங்கள். தண்ணீர் லேப்டாப்பைத் தொடாமல் இருக்கட்டும், ஏற்கெனவே ஒருமுறை நனைந்தது போதும்.

திறப்பதற்கு முன்னால் கேள்வித்தாள்களையும் மாணவர் மதிப்பெண்களையும் பென்டிரைவில் எடுத்துவிடுங்கள். அப்புறம் பயோஸில் எஸ்கேப் என்ன செய்தது, நாடாவில் கருத்த கோடு இருந்ததா, கீபோர்டு முதுகில் என்ன எண், இந்த மூன்றையும் எனக்கு எழுதுங்கள். எண் கிடைத்தால் ஈப்போவில் கையிருப்பு இருக்கிறதா என்று நானே கேட்டுச் சொல்கிறேன்.